கர்ப்பகாலத்தில் முகவாதம்: ஸ்டீராய்டா, வைரஸ் மருந்தா, காத்திருப்பதா?

வாய் ஒரு பக்கம் கோணி, அதே பக்கக் கண்ணும் மூடாமல் போனால், கர்ப்பிணிக்கும் குடும்பத்துக்கும் முடிவெடுக்க இருக்கும் நேரம் மிகக் குறைவு. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை பயன் தருவதாக ஆய்வுகளில் தெரிந்ததெல்லாம் முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியபோதுதான். சிங்கப்பூரில் அந்த மூன்று நாள் எப்படிப் போகிறது என்பது பலருக்கும் தெரிந்ததே. வெள்ளி இரவு வாய் கோணுகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ‘ஏர்கான் காற்று பட்டிருக்கும்’ என்று ஒத்தடம் கொடுக்கிறார்கள். திங்கள் காலை பலதுறை மருந்தகத்துக்குப் போனால் ‘மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்’ என்று அனுப்புகிறார்கள். அங்கே ‘நரம்பு மருத்துவர் சொல்லட்டும்’ என்கிறார்கள். எல்லோரும் எச்சரிக்கையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் நேரம் முடிந்துவிட்டது.

முகநரம்பு வீங்கி முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்துபோகும் முகவாதம் கர்ப்பத்தில் அபூர்வம் இல்லை. கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவம் முடிந்த முதல் சில நாள்களிலும் அது கூடுதலாக வருகிறது. கர்ப்பிணிகளுக்கு வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று பழைய ஆய்வுகள் கணக்கிட்டன. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் குறுகிய குழாய் வழியாக முகநரம்பு போகிறது. நரம்பு வீங்கினால் விரிவதற்கு அங்கே இடமில்லை. கடைசி மாதங்களில் உடலில் தேங்கும் நீரும், நரம்புக்குள் உறங்கிக் கிடந்த வைரஸ் விழிப்பதும் சேர்ந்து இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முகவாத நோயாளிகள் 14 பேரின் நரம்புத் திரவத்தைச் சோதித்தபோது, 11 பேரிடம் உதட்டுக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸின் மரபணு இருந்தது.

மருந்தைத் தேர்வதற்கு முன் இது முகவாதம்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றியும் சேர்ந்து அசையாவிட்டால் முகநரம்புப் பாதிப்பாக இருக்கலாம். நெற்றி நன்றாகச் சுருங்கி, வாய் மட்டும் கோணியிருந்தால் பக்கவாதச் சந்தேகம். கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கடும் தலைவலி, நடை தள்ளாட்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 995ஐ அழையுங்கள். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. ‘இந்த வயதில் வராது’ என்று நினைப்பது ஆபத்து.

இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் அன்றே பார்த்துவிட வேண்டும். முகவாதம் வந்த கர்ப்பிணிகளிடம் பிரீஎக்ளாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோய் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. வாய் கோணல்மீதே எல்லாருடைய கவனமும் இருக்க, 140/90ஐத் தாண்டிய அளவு கவனிக்கப்படாமல் போகக் கூடாது. இதனால்தான், 20 வாரம் கடந்தவர்கள் வீட்டருகே உள்ள மருந்தகத்தில் தொடங்குவதைவிட, பிரசவத்துக்குப் பதிந்திருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே நேராகப் போவது நல்லது என்கிறோம். தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மகப்பேறும் மற்றத் துறைகளும் ஒரே இடத்தில் இருப்பதால் கடிதத்துக்கும் முன்பதிவுக்கும் நாள் போகாது.

முகம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்ந்தாலோ, காதுக்குக் கீழே கட்டி தென்பட்டாலோ, இரு பக்கமும் சேர்ந்து தளர்ந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது.

எதுவும் கொடுக்காமல் காத்திருப்பது

இந்த வழியை நம்புகிறவர்களிடமும் நியாயம் உண்டு. டென்மார்க்கின் பீட்டர்சன் 1,700க்கும் மேற்பட்ட முகவாத நோயாளிகளை மருந்தே கொடுக்காமல் தொடர்ந்து கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டார். 71 விழுக்காட்டினர் முழுமையாகக் குணமானார்கள். முகம் ஓரளவு அசைந்துகொண்டிருந்தவர்களில் அது 94 விழுக்காடு. முழுதும் முடங்கியவர்களிலோ 61 மட்டுமே. ஆக, காத்திருக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் முகம் எவ்வளவு அசைகிறது என்பதைப் பொறுத்தது.

கர்ப்பிணிகளிடம் இந்தக் கணக்கு இன்னும் பாதகமாகிறது. பாதி முடக்கமாகத் தொடங்குவது பத்து நாளுக்குள் முழு முடக்கமாவது அவர்களிடம் அதிகம். 2002இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், முழு முடக்கம் வந்த கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரே திருப்தியான நிலைக்குத் திரும்பினர். கர்ப்பமில்லாதவர்களில் அது முக்கால் பங்கைத் தாண்டியது. கர்ப்பம்தான் காரணமா, கர்ப்பம் என்ற பயத்தில் மருந்து கொடுக்காமல் விட்டது காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டாவதற்கும் பங்கு உண்டு என்பதே எங்கள் எண்ணம்.

பிரெட்னிசொலோன்

ஸ்காட்லாந்தில் 551 பேரிடம் நடந்து 2007இல் வெளியான சோதனைதான் இந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு முதல் ஆதாரம். 25 மி.கி. பிரெட்னிசொலோன் நாளுக்கு இரு வேளை, பத்து நாள். மூன்று மாதத்தில் முழுக் குணம் கண்டவர்கள் 83 விழுக்காடு, ஸ்டீராய்டு பெறாதவர்களில் 63.6. ஒன்பது மாதத்தில் 94.4, 81.6. சுவீடனிலும் ஃபின்லாந்திலும் 829 பேரிடம் நடந்த 2008 சோதனையும் அதே பக்கம் சாய்ந்தது. எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால், பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகக் குணமாகிறார். நிலையான முகக்கோணலைத் தவிர்க்கிற மருந்துக்கு இது நல்ல பலன்.

ஆனால் இதை மறைக்கக் கூடாது: ஸ்காட்லாந்துச் சோதனையில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. நாம் கர்ப்பிணிக்குச் சொல்லும் எண்கள் மற்றவர்களிடமிருந்து கடன் வாங்கியவை. கடன் வாங்கிய சான்று பொய்ப்பதும் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் குழந்தைகளிடம் இதே மருந்தைச் சோதித்து 2022இல் வெளியிட்டபோது, ஒரு மாதத்தில் பிரெட்னிசொலோன் பெற்றவர்களில் 49 விழுக்காடும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 57 விழுக்காடும் குணமாகியிருந்தனர். மருந்தால் பயன் தெரியவில்லை. இருந்தாலும் கர்ப்பிணியின் நரம்பு வளர்ந்தவரின் நரம்புதான், குணமாகும் வாய்ப்பும் குழந்தைகளுக்கு இருப்பதைவிடக் குறைவு. அதனால் பெரியவர்களின் சான்றை அவருக்குப் பொருத்துவதில் நியாயம் இருக்கிறது.

குழந்தைக்கு என்ன ஆகும்? நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி பிரெட்னிசொலோனைப் பெருமளவு செயலிழக்கச் செய்துவிடுகிறது. தாயின் இரத்தத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் குழந்தையிடம் போய்ச் சேர்கிறது. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் இரண்டும் இப்படித் தடுக்கப்படுவதில்லை, குழந்தைக்கு நன்றாகவே கடந்து போகும். ஆகையால் ‘ஏதோ ஒரு ஸ்டீராய்டு’ என்று விடாமல் மாத்திரையின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைப்பிரசவ அபாயம் வந்து குழந்தையின் நுரையீரலுக்காக ஊசி போட வேண்டியிருந்தால், ‘முகவாதத்துக்குத்தான் ஸ்டீராய்டு சாப்பிட்டாரே’ என்று அதை விட்டுவிடக் கூடாது. பிரெட்னிசொலோன் அந்த வேலையைச் செய்யாது.

முதல் 12 வாரத்தில்தான் உண்மையான தயக்கம். உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு கூடும் என்று பழைய சிறு ஆய்வுகள் எச்சரித்தன. எட்டு லட்சத்துக்கும் அதிகமான பிறப்புகளை அலசி 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வு அந்தத் தொடர்பைக் காணவில்லை. உதடும் அண்ணமும் கூடி முடிந்த பிறகு, அதாவது 12 வாரம் கடந்தவருக்கு, இந்தக் கேள்வியே எழாது. 34 வாரக் கர்ப்பிணியிடம் பிளவைச் சொல்லி ஸ்டீராய்டை மறுப்பது பிழை.

அளவுக்கு இரண்டு முறைகள் உண்டு. 50 மி.கி. வீதம் பத்து நாள் சாப்பிட்டு நிறுத்துவது ஒன்று, மொத்தம் 500 மி.கி. 60 மி.கி. வீதம் ஐந்து நாள், பிறகு 50, 40, 30, 20, 10 என்று இறக்குவது மற்றொன்று, மொத்தம் 450. பலனில் பெரிய வேறுபாடு இல்லை. 5 மி.கி. மாத்திரையாகக் கொடுத்தால் 60க்கு 12 மாத்திரை. எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து பாதியைச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. கர்ப்பம் என்பதால் தாமாகவே 20 மி.கி. என்று குறைத்து எழுதும் மருத்துவர்களும் உண்டு. சோதனைகளில் பலன் தெரிந்தது முழு அளவில்தான். குறைத்துக் கொடுத்தால் பக்கவிளைவு மிஞ்சும், பலனுக்கு ஆதாரம் மிஞ்சாது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாக எடுத்தால் இரவுத் தூக்கம் கெடுவது குறையும்.

சிங்கப்பூரில் ஸ்டீராய்டு தரும் பெரிய தொல்லை சர்க்கரை. இங்கே கர்ப்பகால நீரிழிவு மிகப் பரவலானது, இந்தியப் பெண்களிடம் அதற்கான போக்கும் கூடுதல். காலையில் எடுத்த பிரெட்னிசொலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையைத் தூக்கும். வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்தால் ‘5.0, நல்லாத்தான் இருக்கு’ என்று ஏமாந்துவிடுவோம். மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும், 6.7 mmol/L அளவைத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இன்சுலின் போடுகிறவர்களுக்கு முதல் மாத்திரை அன்றே இன்சுலின் அளவை மாற்றும் திட்டம் கையில் இருக்க வேண்டும். நீரிழிவு இருப்பதால் ஸ்டீராய்டே கூடாது என்பதில்லை, திட்டமில்லாமல் தொடங்கக் கூடாது என்பதுதான். ஸ்டீராய்டு பசியைத் தூண்டும் என்பதால் அந்தப் பத்து நாள் பிராட்டா, தே, மைலோவைத் தள்ளி வைப்பது நல்லது.

24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சர்க்கரைக் கரைசல் பரிசோதனை இந்த நாள்களில் வந்தால், மாத்திரை முடிந்து ஒரு வாரமாவது கழித்து வைத்துக்கொள்வது சரி. இடையில் எடுத்தால், இல்லாத நீரிழிவை இருப்பதாகக் காட்டும்.

வேறு இரண்டு செய்திகள். ஸ்டீராய்டு சாப்பிடும்போது இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடும், காய்ச்சலும் அடங்கித் தெரியலாம். பனிக்குடம் உடைந்ததாகச் சந்தேகம் இருந்தால், தொற்று உண்டா என்று பார்க்கும் மருத்துவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி இருப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். முதல் கர்ப்பகால இரத்தப் பரிசோதனையிலேயே அந்த விவரம் இருக்கும். பத்து நாள் மருந்தைப் பொதுவாகத் தடுக்காது, ஆனாலும் மருத்துவர் தெரிந்தே எழுத வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்குப் பிரசவ நேரத்தில் தரும் கூடுதல் ஸ்டீராய்டு ஊசி இவர்களுக்குத் தேவைப்படாது.

வைரஸ் தடுப்பு மருந்து

வைரஸ்தான் காரணம் என்றால் வைரஸ் மருந்துதானே குணமாக்க வேண்டும்? கேட்க நியாயமாக இருக்கிறது, சோதனைகளில் அப்படி நடக்கவில்லை. ஸ்காட்லாந்தில் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து பெற்றவர்களில் மூன்று மாதத்தில் 71.2 விழுக்காடு குணம், பெறாதவர்களில் 75.7. சுவீடனில் அதே வகை மருந்தான வாலசைக்ளோவிரும் பயன் தரவில்லை. முகம் கோணும் நேரத்தில் வைரஸின் வேலை பெரும்பாலும் முடிந்து வீக்கம்தான் நசுக்கிக்கொண்டிருக்கிறது என்பது ஒரு விளக்கம். ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தால், கண்ணை மூடும்போது வாயும் இழுப்பது போன்ற பின்விளைவுகள் சற்றுக் குறையலாம் என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன, சான்று உறுதியாக இல்லை. முழு முடக்கம் வந்தவருக்குச் சேர்ப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஸ்டீராய்டுக்குப் பயந்து அசைக்ளோவிரை மட்டும் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. பயனற்றது என்று தெரிந்த மருந்தைக் கொடுத்து, பயனுள்ளதற்கான நேரத்தை அது தின்றுவிடுகிறது.

இந்தத் தீர்ப்பை அப்படியே தலைகீழாக்கும் ஒரு நிலை உண்டு, அக்கி. அதே பக்கக் காது மடலிலோ காதுத் துளையிலோ மேலண்ணத்திலோ கொப்புளம், காதில் கடும் வலி, கேட்கும் திறன் குறைவு, தலைசுற்றல் இருந்தால் அது சின்னம்மை வைரஸ் மறுபடி விழித்ததால் வரும் ராம்சே ஹன்ட் நோய். குணமாகும் வாய்ப்பு சாதாரண முகவாதத்தைவிடக் குறைவு. இங்கே ஸ்டீராய்டும் வைரஸ் மருந்தும் இரண்டுமே வேண்டும். அசைக்ளோவிர் 800 மி.கி. நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள், அல்லது வாலசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை. ஐந்து வேளையில் ஒன்றிரண்டு தவறிப்போவது சகஜம், மூன்று வேளை மருந்து நடைமுறையில் எளிது. நிறைய நீர் குடிக்க வேண்டும். கொப்புளம் சில நேரம் முகம் கோணிய சில நாள் கழித்தே வரும். முதல் நாள் இல்லை என்பதோடு விடாமல், வாரம் முழுதும் காதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காவி கரைத்து அக்கி எழுதும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. காதருகே எழுதினால் மருத்துவர் பார்க்க வேண்டிய கொப்புளத்தை அது மறைத்துவிடும்.

அசைக்ளோவிர் குழந்தைக்குப் பாதுகாப்பானதா என்பதில் நல்ல தரவு இருக்கிறது. டென்மார்க்கில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் ஹெர்ப்பிஸ் மருந்து எடுத்த 1,804 பேரின் குழந்தைகளில் பிறவிக் குறை 2.2 விழுக்காடு, எடுக்காதவர்களிடம் 2.4. பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் உள்ளவர்களுக்கு 36ஆம் வாரத்திலிருந்து இதே மருந்தைக் கொடுப்பது மகப்பேறு மருத்துவர்களுக்குப் பழகிய ஒன்று.

அக்கி என்று கேட்டதும் குடும்பம் பயப்படுவது குழந்தைக்கு அம்மை வந்துவிடுமோ என்றுதான். இரண்டும் ஒரே வைரஸ், ஆனால் வயிற்றுக் குழந்தைக்கு ஒரே ஆபத்து இல்லை. தாய்க்கு முன்பே சின்னம்மை வந்திருப்பதால் அவர் உடலில் எதிர்ப்புப்பொருள் இருக்கிறது, அது குழந்தைக்கும் போகிறது. ஆபத்து முதல்முறை வரும் சின்னம்மையில்தான். 20 வாரத்துக்கு முன் வந்தால் நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குப் பிறவிப் பாதிப்பு, பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரை வந்தால் பச்சிளங்குழந்தைக்குக் கடும் நோய். ஆகவே அக்கி வந்தவர் காத்திருப்பு அறையில் மற்றக் கர்ப்பிணிகளோடு உட்காரக் கூடாது. பதிவு மேசையிலேயே சொல்லிவிடுங்கள், கொப்புளத்தை மூடி வையுங்கள். வெப்பமண்டல நாடுகளில் வளர்ந்தவர்களில் பலர் சின்னம்மை வராமலே பெரியவர்களாகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தோழியோ உறவினரோ கர்ப்பமாக இருந்தால் அவருக்கு எதிர்ப்பு இல்லாமலிருக்கலாம்.

குத்தூசி, தைலம், மின் தூண்டல்

சீன மருத்துவரின் குத்தூசி சிங்கப்பூரில் முகவாதத்துக்கு முதலில் நினைவுக்கு வரும் ஒன்று. பலனைக் காட்டும் ஆய்வுகள் உள்ளன, தரம் குறைவு, உறுதியாகப் பரிந்துரைக்க முடியாது. கர்ப்பிணி கவனிக்க வேண்டியது: முகநோய்க்கு வழக்கமாகக் குத்தும் கட்டைவிரல்-ஆள்காட்டி விரல் இடுக்குப் புள்ளி, கருப்பையைத் தூண்டும் என்று அந்த மருத்துவ மரபே கர்ப்பத்தில் விலக்கி வைத்த புள்ளி. போவதென்றால் பதிவுபெற்ற மருத்துவரிடம், கர்ப்பம் எத்தனை வாரம் என்பதை முதலில் சொல்லி, ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு போங்கள். மூலிகைக் கலவை வேண்டாம். எங்கிருந்தோ வரவழைத்த உருண்டை, பொடி, பஸ்பம் எதுவும் வேண்டாம். ஈயமும் பாதரசமும் நஞ்சுக்கொடியைத் தாண்டும். எண்ணெய் தடவி மெல்ல நீவுவதால் கேடில்லை, கண்ணுக்குள் போகாதவரை.

முகத்தை மின்சாரத்தால் துடிக்கவைக்கும் சிகிச்சையைத் தவிர்க்கலாம். சூயிங்கம் போல எதையாவது ஓயாமல் மெல்லுவதும், பலங்கொண்டு முகத்தைச் சுளிப்பதும் வேண்டாம். பின்னாளில் தசைகள் தவறாகச் சேர்ந்திழுக்க வழியாகும். கண்ணாடி முன் மெதுவாக, சிறிய அசைவாக, இயன்முறை மருத்துவர் காட்டும்படி செய்தால் போதும். காதுவலிக்குப் பாராசிட்டமால். இபுபுரோஃபென் வகை மாத்திரைகளைக் கடைசி மாதங்களில் தொடக் கூடாது.

கண்: இதில் தேர்வு இல்லை

மேலே எந்த வழியைத் தேர்ந்தாலும் கண்ணைக் காப்பது கட்டாயம். முகம் தானாகத் திரும்பக்கூடும், தழும்பேறிய கருவிழி திரும்பாது. இமை மூடாத கண்ணுக்கு மின்விசிறியும் ஏர்கானும் இரவு முழுதும் பகை. படுக்கையை அந்தக் காற்றுக்கு நேராகப் போடாதீர்கள்.

பகலில் பாதுகாப்புப் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீர், ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. படுக்கும்போது அரிசி நீளத்துக்குக் கண் களிம்பு, அதன்மேல் இமையை மூடி நாடா. நாடா ஒட்டுவதில்தான் தவறு நடக்கிறது. பஞ்சை வைத்து மேலே ஒட்டினால், உள்ளே இமை திறந்து பஞ்சு கருவிழியை உரசும். முதலில் விரலால் இமையை முழுதும் மூடி, மேலிமையின் தோலில் நாடாவைக் குறுக்காக ஒட்டிக் கன்னத்துப் பக்கம் இறக்குங்கள். வெளியே போகும்போது பக்கம் மூடிய கண்ணாடி. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். தளர்ந்த பக்கத்தில் கண்ணின் உணர்ச்சியும் குறைந்திருந்தால் காத்திருக்கவே கூடாது.

சோறு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தங்கும். சாப்பிட்டதும் வாய் கொப்பளித்து விரலால் துழாவி எடுத்துவிடுங்கள்.

யாருக்கு எது

12 வாரம் கடந்து, 72 மணிக்குள் வந்து, நீரிழிவு இல்லாதவர் என்றால் பிரெட்னிசொலோன் முழு அளவில், அன்றே. முழு முடக்கம் என்றால் வைரஸ் மருந்தைச் சேர்ப்பது பற்றிப் பேசலாம். நீரிழிவு இருந்தால் அதே மருந்து, சர்க்கரை கண்காணிப்புத் திட்டத்தோடு. இரத்த அழுத்தம் கூடியிருந்தால் முதலில் அதற்கான சிகிச்சை, ஸ்டீராய்டு மகப்பேறு மருத்துவரின் கண்காணிப்பில். முதல் 12 வாரத்தில், முகம் பாதிக்கு மேல் அசைந்தால் காத்திருப்பதும் மதிக்கத்தக்க முடிவு, முழு முடக்கமானால் நாங்கள் ஸ்டீராய்டின் பக்கம். மூன்று நாள் கடந்து வந்தவருக்குப் பலன் உறுதியில்லை. ஓரிரு நாள்தான் தாண்டியிருக்கிறது, முடக்கமும் முழுமை என்றால் கொடுத்துப் பார்க்கலாம், இரண்டு வாரம் கடந்திருந்தால் வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு வந்தால் முடிவு எளிது. பிரெட்னிசொலோன் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகிறது, அசைக்ளோவிரும் தடையில்லை. மனம் கேட்கவில்லை என்றால் மாத்திரைக்கு முன் பால் கொடுத்துவிட்டு, அடுத்ததை மூன்று, நான்கு மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

ஒரே வெளிச்சத்தில் வாரத்துக்கு ஒருமுறை மூன்று படம் எடுத்து வையுங்கள்: முகம் சும்மா இருக்கும்போது, கண்ணை இறுக மூடும்போது, பல் தெரியச் சிரிக்கும்போது. பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு தசை அசையத் தொடங்கும். மூன்று மாதம் ஆகியும் அசைவே இல்லையென்றால், அதற்குள் குழந்தை பிறந்திருந்தாலும், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ போய் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கர்ப்பம் தொடர்ந்தால் எம்ஆர்ஐயைச் சாயமருந்து இல்லாமல் எடுப்பார்கள். கண்ணும் வாயும் சேர்ந்திழுக்கும் கோளாறுக்குப் போடும் போட்டாக்ஸ் ஊசியைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோளாறே மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும் என்பதால் தள்ளிப்போடுவதில் இழப்பில்லை.